ராஜாம்பாளின் வேன் குடித்தனம்

ராஜாம்பாளுக்கும் மாயவனுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும், இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் முழுசாக ஒரு மாதம் சேர்ந்து இருந்ததில்லை. மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. பிழைப்பு அப்படி. அவள் கல்வராயன் மலையில் கிராம நர்ஸ். அவர் சின்னசேலத்து லாரி டிரைவர்.

ராஜாம்பாள் பிறந்தது திருக்கோவிலூருக்குப் பக்கத்தில், கூலிக்கு நாற்று நடுகிற குடும்பத்தில். பத்தாவது தேறி நர்ஸ் பயிற்சியும் முடித்ததும் முதல் வேலையை இன்னாட்டுப் பக்கம் மலையில் போட்டார்கள். ரெண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் எதையாவது சொல்லிக் கீழே இறங்கிவிடலாம் என்று கூடப் படித்தவர்கள் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். எண்பத்து மூன்றில் மலை ஏறியவள் இறங்கவே இல்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள். ஓடையில் வழுக்கி விழுந்து ஒரு தடவை கையை முறித்துக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து உட்கார்ந்து, சாமை வயலைத் தாண்டி வருகிற காற்று மேலே பட்டால் அவளுக்கு வேறு எங்கும் போகத் தோன்றாது.

மாயவன் மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர். சின்னசேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவார். திரும்பும்போது வெங்காயமோ பருப்போ லோடு. மாதத்துக்கு ஒரு தடவை, நல்ல மாதமாக இருந்தால் இரண்டு தடவை மலைக்கு வருவார்.

அவர் வருகிற நாள்தான் ராஜாம்பாளுக்குப் பண்டிகை. லாரி சின்னசேலம் வந்து சேர்ந்ததும் அவர் வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார். காலை வண்டி அவளுடைய துணை சுகாதார நிலையத்தைத் தாண்டும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "நர்சம்மா, வூட்டுக்காரரு சாயங்கால வண்டில வர்றாரு" என்று கத்திவிட்டுப் போவார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவாது. போக வேண்டிய ஊருக்கெல்லாம் வேகமாகப் போய்விட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்து நிற்பாள். மலை வளைவுகளில் பஸ் முனகி முனகி ஏறுகிற சத்தம் எங்கேயோ கீழே கேட்கத் தொடங்கும். அப்புறம் கேட்காது. அப்புறம் இன்னும் கிட்டத்தில் கேட்கும். பஸ் வந்து நின்றதும் ஒரு சாக்குப் பைதான் முதலில் இறங்கும். அதில் நாக்பூர் ஆரஞ்சு இருக்கும், இந்தூர்க் கம்பளி இருக்கும், எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கப்பட்ட கண்ணாடி வளையல் இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சு ஆரம்பிக்கும். மலைச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரியை ஒருவன் வைக்கோல் போரில் கொண்டு போய்ச் செருகியது, நர்மதை ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் வடிகிற வரைக்கும் வண்டிகள் வரிசையாக நின்றது, பாஷை தெரியாத ஊரில் பல்வலிக்குக் கைஜாடையிலேயே மருந்து வாங்கியது எல்லாம் வரும். சேலத்துக்கு அந்தப் பக்கம் போகாத ராஜாம்பாளுக்கு அந்த ரோடுகளில் எங்கே டீ நன்றாக இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். மகள் பிறந்து, வளர்ந்து, ஆத்தூரில் கல்யாணம் பண்ணிக் கொடுத்து, இவ்வளவுக்கும் நடுவில் வாழ்க்கை அந்தச் சாயங்கால பஸ்ஸை வைத்தேதான் ஓடியது.

இரண்டாயிரத்துப் பதினாலில் ராஜாம்பாள் ஓய்வு பெற்றாள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். மாயவன் அதற்கு முன்பே வேலையை விட்டு, சின்னசேலத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். லாரி முதலாளி வண்டிகளை விற்றுவிட்டார். கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு பார்க்கலாம் என்று இரண்டு பேரும் தெருத் தெருவாக அலைந்தார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் ராஜாம்பாளுக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மாயவனோ எந்த வீட்டிலும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய வாரத்தில், அவர் சாயங்கால பஸ்ஸில் வராமல் ஒரு மஞ்சள் வேனை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய பழைய வேன்.

"வூடு பாத்தாச்சு. சாமான ஏத்து" என்றார்.

ராஜாம்பாள் வண்டியைச் சுற்றி வந்தாள். "இது இன்னாங்க?"

"வூடுதான். இன்னா கொறச்சல்? கேபின்லயே காலத்த ஓட்டனவன் நான். உனக்குச் சொன்ன எடத்தயெல்லாம் ஒரு தபா காட்டணும். புடிச்ச எடத்துல நிறுத்திக்கினு இருப்போம்."

விஷயம் தெரிந்து ஆத்தூரிலிருந்து மகள் வந்து சத்தம் போட்டாள். பெத்தவங்களை நடுரோட்டில் விட்டுட்டாளேன்னு என்னையல்லவா பேசுவார்கள் என்று அழுதாள். ராஜாம்பாளுக்கு அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மாயவன் எதையும் இப்படி ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. ஒரு வருஷம் இருந்து பார்க்கிறோம் என்று மகளைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

சின்னசேலத்தில் ஒரு பட்டறையில் விட்டு வேனை வீடாக்கினார்கள். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு பக்கம் பெஞ்சுக் கட்டில் போட்டு, அதன் அடியில் டிரங்குப் பெட்டிகளைத் தள்ளினார்கள். பின்பக்கம் சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் டிரம். ஜன்னலுக்குக் கொசு வலை. பேட்டரியில் எரிகிற ஒரு பல்பும் ஒரு குட்டி ஃபேனும். மஞ்சள் பெயின்ட் போய் நீலம் வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் எத்தனை கோட் அடித்தும் வெயில் பட்டால் லேசாகத் தெரிந்தது.

ஊர் அவர்களை என்னவென்று நினைப்பது என்று தெரியாமல் முழித்தது. ஒரு கிராமத்தில் பெட்ஷீட் விற்கிற வண்டி என்று பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்னொரு ஊரில் தண்ணீர் வண்டி என்று குடத்தோடு வந்தார்கள். தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வழிமறித்து எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, கேழ்வரகு மாவு கொட்டிய கையோடு மன்னிப்புக் கேட்டது. குளிப்பதற்குப் பம்புசெட்டு. வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, இருட்டுப் பிரிவதற்குள் ராஜாம்பாள் குளித்து விடுவாள். மற்றதற்குப் பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு. கரும்பு வெட்டு நடக்கிற மாதங்களில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் நிறுத்துவார்கள். அரவைக்கு வரிசையில் நிற்கிற டிராக்டர் டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் மாயவனுக்குப் பொழுது போவதே தெரியாது. ஆடியில் திருக்கோவிலூர் ஆற்றங்கரை. வெயில் காலத்தில் மலை.

கேட்பவர்களுக்கு இது பெரிய சுகமாகத்தான் தெரிந்தது. ராஜாம்பாளுக்கும் முதல் சில வாரம் அப்படித்தான் இருந்தது. அப்புறம்தான் தான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டோம் என்பதே தனக்குத் தெரியாது என்று தோன்ற ஆரம்பித்தது.

மாயவன் கோழி கூவும் முன்பே எழுந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். எங்கேயும் போகிற வேலை இல்லாவிட்டாலும் பார்ப்பார். தட்டை வாங்கினால் நின்றுகொண்டே நான்கு வாயில் சாப்பிட்டு முடித்துவிடுவார். லாரி போகிற சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் குடிக்கிற தண்ணீரையெல்லாம் கொதிக்க வைப்பதைப் பார்த்து, காஸ் இதுக்கே தீர்ந்துடும்போல என்று அவர் முணுமுணுப்பார். கட்டிலில் அவள் மடித்து வைத்ததை அவர் கலைப்பார். அவர் வைத்த ஸ்பேனரை அவள் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுவாள். வீடாக இருந்தால் கோபத்தில் ஒருவர் அடுத்த அறைக்குப் போகலாம். வேனில் எங்கே போவது? அவர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அதுவும் இரண்டு எட்டுதான்.

சொன்னபடியே அவர் ஒரு தடவை பெங்களூர் ரோட்டில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடி டீக்கடையைப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருந்தார். அந்த இடத்தில் இப்போது மேம்பாலம் நின்றது. எது வழி, எங்கே திரும்புவது என்று அவருக்கே தடுமாறியது. இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு பாலத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினார். ராஜாம்பாள் ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வேனில் குடியேறிய நாளிலிருந்து மாயவன் அவளிடம் ஒரு கதை கூடச் சொல்லவில்லை. என்ன சொல்வார்? அவர் பார்ப்பதையெல்லாம் அவளும்தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். சாக்குப் பை இல்லை, சாயங்கால பஸ் இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ரோட்டில் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் மனசு ஏங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்காக ஏங்குவதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில், தனியாகக் கிடக்கிறோமே என்று தலையணையை நனைத்த காலம் கூட இப்போது இனிப்பாக இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு வேன் மலையில் நின்றது. சாமியம்மாளின் நிலத்து ஓரம். சாமியம்மாள் மலைக்காரி, சாமையும் தினையும் போடுகிறவள், ராஜாம்பாளை விட இரண்டு மூன்று வயது மூத்தவள். அவளுடைய பிள்ளைகள் நான்கு பேரும் ராஜாம்பாளின் கையில் பிறந்தவர்கள். மழை விடாமல் பெய்தது. மாயவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே இறங்கிவிடலாம் என்றார். ராஜாம்பாளுக்கு மழையில் மலையை விட்டுப் போக மனசில்லை. இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில், அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"நீங்க மட்டும் வண்டிய எடுத்துக்கினு எங்கனா ஒரு நடை போய்ட்டு வாங்க. நான் சாமியம்மா வூட்ல இருக்கேன்."

"இன்னா, என்னைத் தொரத்தறியா?"

"தொரத்தலைங்க. நீங்க வர்றதப் பாத்து ரொம்ப நாளாச்சு."

மாயவனுக்கு விளங்கவில்லை. "தெனம் உன்கூடத்தான இருக்கேன்."

"அதாங்க. கூடவே இருக்கறவரு எப்பிடி வர்றது?"

அவர் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவளுடைய துணிப் பெட்டியை மட்டும் இறக்கி வைத்தார். மழையிலேயே வண்டியை எடுத்தார். வேன் முதல் வளைவில் மறைகிற வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியம்மாள் அவளைத் திட்டினாள். டிரைவரு மூஞ்சி தொங்கிப் போச்சு நர்சம்மா, போன ஆளு வருவாரா என்று கேட்டாள். வருவார் என்று ராஜாம்பாள் வாயால் சொன்னாள். முதல் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். சாமியம்மாளோடு அடுப்படியில் உட்கார்ந்து பழங்கதை பேசினாள். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போனாரா, மழையில் பிரேக் பிடிக்குமா என்று நினைத்து நினைத்து ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள். செல்போனில் பேசலாம் என்றால் கிழக்குப் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். இரண்டு தடவை ஏறினாள். இரண்டு தடவையும் போன் போடாமலே இறங்கி வந்தாள். போட்டால், வருவது வருவதாக இருக்காது என்று பட்டது.

ஒரு சாயங்காலம் கீழே வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டது. கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. அது பஸ் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அறுபது வயதை நெருங்கியவள், ஈரத் தலையைக் கூட முடியாமல் ரோட்டுக்கு வந்து நின்றாள். மாயவன் இறங்கினார். முகத்தில் கோபம் மிச்சம் இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் சொல்வதற்கு ஏதோ வைத்திருக்கிற முகமாகவும் இருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வேனுக்குள் ஏறிப் பார்த்தாள். கட்டில் முழுக்க மல்லிகைப் பூ உதிர்ந்து கிடந்தது. தலையணையில் குங்குமம்.

"இது இன்னாங்க கூத்து?"

"உக்காரு, சொல்றேன்" என்றார் மாயவன்.

ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில், ஒரு கல்யாணக் கோஷ்டி வந்த வண்டி அச்சு முறிந்து நின்றிருக்கிறது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. அந்த ரோட்டில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. மாயவன் வேனை நிறுத்தியிருக்கிறார். பெண், பெண்ணின் அத்தைகள், சீர்வரிசைத் தட்டுகள், நாதஸ்வரக்காரர், அத்தனை பேரும் இந்தக் கட்டிலிலும் டிரங்குப் பெட்டி மேலும் தண்ணீர் டிரம் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பெண் பயத்தில் மயக்கம் வருகிறது என்றதும் ஒரு அத்தை ராஜாம்பாளின் அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போட்டிருக்கிறாள். மண்டபத்தில் இறங்கினால், வேனைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார், சீரோடு வீட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார்களா என்று சிரித்தார்களாம். மாயவனை விடவில்லை. முதல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள்.

அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நாதஸ்வரக்காரர் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்ததை நடித்துக் காட்டினார். சாமியம்மாள் சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ராஜாம்பாள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, பெண் என்ன கலர் புடவை, அத்தை காபிக்குச் சர்க்கரை எந்த டப்பாவில் எடுத்தாள் என்று ஒன்று விடாமல் கேட்டாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மாதத்தில் சில நாள் மாயவன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள். அவர் போய் வந்ததும் ஒரு வாரத்துக்கு ஸ்பேனர் சண்டை கூட வராது. வயசான காலத்தில் அப்பாவை ஏம்மா தனியா அனுப்பறே என்று மகள் போனில் கேட்பாள். ராஜாம்பாள் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

கொரோனா ஊரடங்கு வந்தபோது வேன் மலையில்தான் நின்றது. அசைய முடியவில்லை. அந்த நாட்களில் மாயவன் வெறுங்காலோடு வண்டியைச் சுற்றி வரும்போது எதையோ மிதித்துவிட்டு, சொல்லாமல் விட்டுவிட்டார். சர்க்கரை உடம்பு, வலி தெரியவில்லை. அவர் காலை இழுத்து நடப்பதைப் பார்த்த அன்றைக்கே ராஜாம்பாள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடிப் பாதத்தில் புண் கருத்துக் கிடந்தது. தினமும் கழுவிக் கட்டுப் போட்டும் கருப்பு ஏறிக்கொண்டே போனது. ஆம்புலன்ஸ் வந்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போனார்கள். வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் வைத்தியம் பார்த்தவள், கூடவே இருந்தும் வீட்டுக்காரர் காலைப் பார்க்காமல் போனேனே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

மலைக்குத் திரும்பியதும் மாயவன் முதல் காரியமாக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தார். பாதம் நழுவியது. மெதுவாக இறங்கி வந்து சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"போதும், ராஜாம்பா" என்றார்.

வேனை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது சாமியம்மாள்தான், "இங்கயே கெடக்கட்டும் நர்சம்மா, வண்டி இன்னா சோறா கேக்குது" என்றாள். அவளுடைய மகன் ஆள் கூட்டி வந்து அச்சுக்கு அடியில் கல் கொடுத்து டயர்களைக் கழற்றினான். பக்கவாட்டில் ஓலைச் சார்ப்பு இறங்கியது. மழைக்கு ஒரு பூசணிக் கொடி தானாக முளைத்துக் கூரை மேல் ஏறியது. மகள் வந்து பார்த்துவிட்டு, ஆத்தூருக்கு வந்துவிடச் சொல்லி மன்றாடினாள். மாயவனால் மாடிப்படி ஏற முடியாது என்று ராஜாம்பாள் காரணம் சொன்னாள். மகள் வீடு கீழ்த் தளத்தில்தான் இருந்தது. மகளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது பஸ் ஏறுகிறவள் ராஜாம்பாள். அவருக்கு மாத்திரை வாங்கக் கள்ளக்குறிச்சிக்கும், பேத்தியைப் பார்க்க ஆத்தூருக்கும் போய் வருகிறாள். மாயவன் சார்ப்பில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி தொடங்கிவிடும். யார் டிரைவர், மூன்றாவது வளைவில் கியரைக் குறைத்தானா, கோமுகி அணையில் தண்ணீர் எவ்வளவு, சந்தையில் யாரைப் பார்த்தாய். ஆரம்பத்தில் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனேன், வந்தேன் என்பாள். அவர் முகம் வாடிவிடும். அதனால் இப்போதெல்லாம் ஜன்னலோர சீட்டைப் பிடித்து, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வருகிறாள். பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டு நடந்த சண்டையை அவள் சொன்ன விதத்தில், மாயவன் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

வேன் நிற்கிற இடத்தில் முன்பு பஸ் நிற்பதில்லை. இவளுக்காக ஒரு நாள் நிறுத்தினார்கள்; அப்புறம் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் அங்கேயே இறங்க ஆரம்பித்தார்கள். இப்போது புதுக் கண்டக்டர் கூட "வேன் வூடு எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறான். முதல் தடவை கேட்டபோது ராஜாம்பாளுக்குக் கூச்சமாக இருந்தது. போன வாரம் கள்ளக்குறிச்சியில் டிக்கெட் வாங்கும்போது, எங்கே என்று கண்டக்டர் கேட்டான். மாத்திரைப் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, "வேன் வூடு ஒண்ணு குடுப்பா" என்றாள்.